கேள்வியிலிருந்து தொடங்கும் பக்கம்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், சனிக்கிழமை காலைகளில் நாங்கள் நான்கைந்து பேர் ஒரு கோயில் மண்டபத்தில் மடிக்கணினிகளோடு உட்கார்ந்து, அரசு இணையதளங்களில் விண்ணப்பம் நிரப்பத் திணறும் பெரியவர்களுக்குத் துணை செய்து வருகிறோம். அந்தத் தளங்கள் எவ்வாறு திருத்தி அமைக்கப்பட வேண்டும் என்பதைப் பற்றி, அந்த மேசையில் நான் கற்றதைக் கொண்டே இன்று பேச விரும்புகிறேன்.

சில வாரங்களுக்கு முன் எழுபது வயதைக் கடந்த ஓர் ஆயா தம் பேரனோடு வந்தார். அவருக்கு ஒரு சான்றிதழின் நகல் வேண்டியிருந்தது. தளத்தின் முகப்பில் அலுவலகத்தின் நோக்க அறிக்கை இருந்தது, விழாப் படங்கள் இருந்தன, ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் இருந்தன. விண்ணப்பமோ ஒரு பிரிவின் பெயருக்குள் இன்னொரு பிரிவின் பெயரைத் திறந்து, அதற்குள்ளும் தேடினால்தான் கிடைத்தது. அந்தப் பிரிவின் பெயர் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஒருவழியாகக் கண்டுபிடித்து நிரப்பி அனுப்பியபோது, ‘தவறான பதிவு’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் சிவப்பில் வந்தன. எது தவறு, எப்படித் திருத்துவது என்று ஒரு வரி கூட இல்லை. ஆயா என்னைப் பார்த்து, “நான் என்ன தப்புப் பண்ணிட்டேன் தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை, ஏனென்றால் அவர் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை.

நம் அடையாள எண்ணில் 13 இலக்கங்கள் உண்டு. நீளமான எண் என்பதால் பலரும் அதைப் பிரித்து, இடைவெளி விட்டே எழுதுவார்கள். ஆயாவும் அவ்வாறே எழுதியிருந்தார். அந்த இடைவெளிகளைத் தானாக நீக்கிவிட்டு எண்ணை ஏற்றுக்கொள்ளும்படி நிரலை அமைப்பது மிகச் சிறிய வேலை. அதே படிவம் அடுத்த கட்டத்தில் பிறந்த தேதியைக் கேட்டது, அதற்கடுத்து ஆணா பெண்ணா என்று கேட்டது. அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த ஆண்டும் மாதமும் நாளும்தான். அவற்றைத் தொடரும் நான்கு இலக்கங்கள் பாலினத்தைக் காட்டுகின்றன. அரசு தானே கொடுத்த எண்ணில் உள்ள செய்தியை, நடுங்கும் விரல்களால் மறுபடியும் தட்டச்சுச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

நம் சமூகத்துக்கென்று தனியான ஒரு சிக்கலும் இருக்கிறது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதிக்கு வந்த நம் முன்னோரின் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் பதிவு செய்தார்கள். அதனால் ஒரே குடும்பத்தில் அண்ணன் ‘பிள்ளே’ என்றும் தம்பி ‘பிள்ளை’ என்றும் ஒலிக்கும்படி எழுத்து மாறி வருவது இன்றும் நாம் காண்பதுதான். பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிட்டால் இணையதளம் அவர்களைத் திருப்பி அனுப்புகிறது. ‘உங்கள் ஆவணங்களில் பெயர் வேறு வேறாக இருந்தால் இதைச் செய்யுங்கள்’ என்று அந்த இடத்திலேயே நான்கு வரி எழுதியிருந்தால், எத்தனையோ பேருக்கு ஒரு நாள் கூலியும் டாக்ஸிக் கட்டணமும் மிஞ்சும்.

இவை தீர்க்க முடியாத சிக்கல்கள் அல்ல. பிரிட்டனில் பல தளங்களில் சிதறிக் கிடந்த அரசுச் செய்திகளை ஒரே தளத்தில் சேர்க்கும் வேலை 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. துறைகளின் அமைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, மக்கள் என்ன தேவைக்காக வருகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே அவர்களுடைய முதல் விதி. ஒன்பது வயதுக் குழந்தை படிக்கும் அளவுக்கு மொழி எளிமையாக இருக்க வேண்டும் என்றும், ஒரு பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்பது நல்ல தொடக்கம் என்றும் எழுதுபவர்களுக்கு வழிகாட்டினார்கள். எளிமையாக எழுதினால் படித்தவர்கள் தங்களைக் குறைத்து மதிப்பதாக எண்ணுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். என் மேசையில் வழக்கறிஞர் ஒருவரும் உதவி கேட்டு உட்கார்ந்திருக்கிறார். எளிய வாக்கியத்தைக் கண்டு அவர் வருந்தியதாக எனக்கு நினைவில்லை.

தெளிவு என்பது வெளிநாட்டிலிருந்து இரவல் வாங்க வேண்டிய பொருளும் அல்ல. நம் நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பை எழுதியவர்கள், அதை மக்கள் படித்துப் புரிந்துகொள்ளும் எளிய நடையில் எழுத வேண்டும் என்று முனைந்து உழைத்தார்கள். அதன் 195ஆவது பிரிவு, உரிய காலத்தில், எட்டும்படியான, சரியான தகவலை மக்களுக்குத் தர வேண்டும் என்று அரசு நிர்வாகத்துக்குக் கட்டளையிடுகிறது. அரசு ஊழியர்கள் மக்களுக்குச் சேவை செய்யும் முறை பற்றி 1997இல் வந்த ‘பாத்தோ பேலே’ என்ற அரசுக் கொள்கையின் பெயருக்கே ‘மக்கள் முதலில்’ என்று பொருள். நாட்டின் தலையாய சட்டத்தையே தெளிவாக எழுதிய நம்மால் ஒரு விண்ணப்பப் பக்கத்தைத் தெளிவாக எழுத முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே அரசியலமைப்பின் ஆறாவது பிரிவு, மதிக்கப்பட்டு வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அப்படியானால் எல்லாப் பக்கங்களும் தமிழில் வேண்டும் என்று நான் கேட்க வேண்டாமா என்று நேயர்கள் எண்ணலாம். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆயினும் முதலில் ஆங்கிலமும் ஜூலுவும் தெளிவாகட்டும் என்றே சொல்வேன். ஆங்கிலம் தெளிவாக இருந்தால் பேரன் அதைப் பார்த்துக்கொண்டே ஆயாவுக்குத் தமிழில் சொல்லிவிடுவான். மூலமே குழம்பியிருந்தால் எந்த மொழிபெயர்ப்பாளராலும் அதைத் தெளிய வைக்க முடியாது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் மக்களில் பலர் டேட்டாவைச் சிறிது சிறிதாக வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள். கனமான படங்களும், இறக்கி அச்சிட்டுக் கையொப்பமிட்டு மீண்டும் ஏற்ற வேண்டிய பிடிஎஃப் படிவங்களும் அவர்களுடைய சட்டைப்பையிலிருந்து நேரே காசை எடுக்கின்றன.

இந்தத் தளங்களை வடிவமைக்கும் அதிகாரிகளிடமும் நிறுவனங்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். புதிய பக்கத்தை வெளியிடும் முன், ஐந்தாறு சாதாரண மக்களை அதன் முன் உட்கார வைத்து, வாய் திறந்து உதவாமல், அவர்கள் எந்த இடத்தில் தயங்குகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பாருங்கள். அப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது என்று தயங்க வேண்டாம். எங்கள் மண்டபம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திறந்துவிடும். எட்டரைக்கெல்லாம் வரிசை நின்றுவிடும். வணக்கம்.