ஓதம் ஏறும் சுவரில் நிறம் நிற்காது: 'ஒளியே' அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்த கையோடு ராயபுரத்திலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"வடசென்னைத் தெருக்களில் உள்ளூர்க் கலைஞர்கள் தீட்டும் சுவரோவியம் ஊருக்கு ஒளியா, வெறும் மேல்பூச்சா?" என்பது இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. மேல்பூச்சுதான் என்று பேசிய எதிரணித் தோழி இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தார். நாறும் வடிகாலை மறைக்கத்தான் படம் போடுகிறார்கள் என்பது ஒன்று. ஐப்பசி மழை ஒன்று அடித்தால் எல்லாம் உரிந்து விழும் என்பது மற்றொன்று. நான் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். முதல் குற்றச்சாட்டுக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

பெயின்ட் ஏன் உரிகிறது? மழை மேலிருந்து அடிப்பதால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நம் பக்கம் கடல் பக்கத்தில், நிலத்தடி நீர் மேலே, சுவரின் காலடியில் வடிகால். செங்கல் அந்த ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. கொத்தனார்கள் இதை ஓதம் ஏறுவது என்பார்கள். ஏறும் நீரில் உப்பு இருக்கிறது. சுவரின் முகத்துக்கு வந்ததும் நீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே படிகமாகும். அந்தப் படிகம் வளர்ந்து பெயின்ட்டைப் பின்னாலிருந்து தள்ளும். "உப்புப் பூத்திருக்கு" என்று நாம் சொல்லும் வெள்ளைத் தூள் இதுதான். இதன்மேல் பளபளப்புக்காக எனாமல் என்ற எண்ணெய் பெயின்ட் அடித்தால் நிலைமை இன்னும் மோசம். எனாமல் படலம் இறுக மூடிக்கொள்ளும், ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதனால்தான் தெருச் சுவருக்கு வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட். அது ஆவியைக் கொஞ்சம் வெளியே விடும். ஆனால் கீழே நீர் ஊறிக்கொண்டே இருந்தால் எந்த எமல்ஷனும் நிற்காது.

ஆகவே வேலை தெரிந்த கலைஞர் முதல் நாள் தூரிகையை எடுப்பதில்லை. பிளாஸ்டிக் தாளை எடுக்கிறார். ஒன்றரை அடிச் சதுரத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு விளிம்பையும் டேப்பால் இறுக ஒட்டி, 16 மணி நேரம் விட்டுவிடுவார். மறுநாள் தாளின் உள்பக்கம் நீர்த்துளி நின்றால் சுவர் ஈரம். உள்ளே காய்ந்து, வெளிப்பக்கம் மட்டும் பனித்திருந்தால் அது கடற்காற்றின் ஈரம், கவலையில்லை. ஈரம் என்று தெரிந்தால் அடுத்து நீர் எங்கிருந்து வருகிறது என்ற தேடல். உடைந்த குழாயா? அடைத்த வடிகாலா? தெருவை உயர்த்தி உயர்த்திச் சுவரின் அடிப்பகுதி மண்ணுக்குள் போய்விட்டதா? அதைச் சரிசெய்யாமல் அந்த இடத்தில் ஒரு கோடுகூட இழுக்கக் கூடாது.

தோழி அவர்களே, வடிகாலை மறைக்கவா படம் போடுகிறோம்? கசியும் வடிகால் மேல் படம் நிற்கவே நிற்காது! எந்தத் தெருவில், எந்தச் சுவரில், எத்தனை அடிக்குக் கசிவு என்று அளந்து, அந்தக் குறிப்போடு வார்டு அலுவலகத்துக்குப் போகும் ஆள் அந்த ஓவியர்தான்.

கசிவு நின்ற பிறகும் பொறுமை வேண்டும். பூத்த உப்பை உலர்ந்த நிலையிலேயே கம்பி பிரஷால் தேய்த்து, தூளைக் கூட்டி அள்ள வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல். பழைய சுண்ணாம்பின் மேல் கை வைத்துத் தேய்த்து, கையில் வெள்ளை ஒட்டினால் அதைச் சுரண்டியே தீர வேண்டும், இல்லையென்றால் புது நிறம் சுண்ணாம்போடு சேர்ந்து பாளம் பாளமாக வரும். புதிதாகப் பூசிய சிமென்ட் என்றால் 28 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குமுன் அதிலுள்ள காரத்தன்மை நிறத்தை அரித்துத் திட்டுத் திட்டாக்கிவிடும். நாம் பார்த்து வருத்தப்பட்ட பல ஓவியங்கள் மூன்று நாளில் தீட்டி, நான்காம் நாள் திறப்பு விழா வைத்தவை. அவை உரிந்ததற்கு ஓவியத்தைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. காத்திருக்க வேண்டிய நாட்களை யாரோ விழுங்கிவிட்டார்கள்.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. குடித்த நீரைச் சுவர் கக்க ஜனவரி முழுவதும் ஆகும். எனவே பிப்ரவரி முதல் ஜூன் வரைதான் நமக்கு நல்ல பருவம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அதற்குள்தான் வருகிறது. காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டு ஆண்கள் ஊரில் இருப்பார்கள். கூட்டாக வேலை செய்ய அதைவிட நல்ல நாட்கள் கிடைக்காது. ஆனால் வெயில் கொதிக்கும். கிழக்கு பார்த்த சுவரை மாலையிலும் மேற்கு பார்த்த சுவரைக் காலையிலும் பிடிக்க வேண்டும். சுட்ட சுவரில் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து கோடு விழும்.

இந்த வேலைக்கு ஆட்கள் எங்கே என்று எதிரணியில் கேட்டார்கள். எத்தனை பேர் வேண்டும் உங்களுக்கு? ஃப்ளெக்ஸ் வந்தபின் வேலை இழந்த சினிமா பேனர் ஓவியர்கள் இருக்கிறார்கள். படகில் பெயரும் பதிவெண்ணும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்புக் காற்றில் எந்த நிறம் எவ்வளவு நாள் தாங்கும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1850-ல் தொடங்கிய கவின் கலைக் கல்லூரி இங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. உள்ளங்கை அளவுப் புகைப்படத்தைக் கட்டம் போட்டு நாற்பது அடிக்கு விரிக்கும் வித்தை பேனர் ஓவியர்களின் சொத்து.

அந்தக் கட்டம்தான் ஒரு தெருவையே உள்ளே இழுக்கிறது. 40 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிப் படத்தைத் தாளில் 40 அங்குலத்துக்கு 10 அங்குலமாக வரைந்து, அங்குலக் கட்டம் போடுவார்கள். சுவரில் நீலப்பொடி தோய்த்த நூலை அடித்து ஓரடிக் கட்டங்கள், மொத்தம் 400. ஓவியர் வெளிக்கோடு வரைந்து ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஓர் எண் எழுதுவார். பெயின்ட் கிண்ணத்திலும் அதே எண். பள்ளிப் பிள்ளைகளும் அக்காமார்களும் எண் பார்த்து நிரப்புவார்கள். கைக்கு எட்டாத உயரம் சாரம் ஏறத் தெரிந்தவர்களுக்கு மட்டும், பிள்ளைகள் ஏறவே கூடாது. கடைசிக் கறுப்புக் கோட்டை ஓவியரே இழுத்து, நடுங்கிய விளிம்புகளை எல்லாம் நேராக்கிவிடுவார்.

இந்த 400 சதுர அடிக்கு பிரைமர் ஒரு கோட் சுமார் 4 லிட்டர், அடி வெள்ளை இரண்டு கோட் சுமார் 8 லிட்டர், பட நிறங்கள் பத்து, வகைக்கு ஒரு லிட்டர். கோட்டுக்கும் கோட்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி. மிச்சம் பிடிக்கத் தண்ணீரை அதிகம் கலந்தால் ஆறு மாதத்தில் நிறம் தூளாகக் கையில் வரும். நிறத் தேர்விலும் கவனம் வேண்டும். காவிச் சிவப்பு, காவி மஞ்சள், தாலோ நீலம், தாலோ பச்சை வெயிலைத் தாங்கும். கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் இளஞ்சிவப்பு ஒரு கோடையில் வெளிறும்.

என்ன வரைவது? 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்து உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது. 2024-ல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். அவரிடம் அனுமதி கேட்டு அவர் முகத்தை வரைந்தால், கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் நம் பெண் பிள்ளைகள் எவ்வளவு நேரம் அந்தச் சுவரைப் பார்ப்பார்கள்! இதைத் தெரிந்து சொல்ல உள்ளூர்க்காரர் வேண்டும். முகத்தை ஆறடிக்கு மேலே வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். கீழ் மூன்று அடியில் பைக் உரசும், சேறு தெறிக்கும். அங்கே படம் வேண்டாம், அடர்நிறப் பட்டை ஒன்று போதும். ஆண்டுக்கு ஒருமுறை அதை மட்டும் திரும்ப அடித்துவிடலாம்.

சுவர் யாருடையதோ அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடக் கூடாது என்பதை எங்கள் அணி முழுமையாக ஒப்புக்கொள்கிறது. அனுமதியில்லாமல் சுவரில் எழுதுவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பள்ளிச் சுவர் என்றால் மாநகராட்சி, தண்டவாள ஓரம் என்றால் ரயில்வே, அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்.

அந்தப் பணத்துக்குத் தெருவிளக்கு போடலாமே என்றார்கள். விளக்கு நம் உரிமை. அதை எதற்கும் ஈடாக வைத்துப் பேரம் பேச நான் தயாரில்லை.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே, பராமரிப்பைச் சொல்லி முடிக்கிறேன். வேலை முடிந்ததும் பத்து நிறத்திலும் கால் லிட்டரைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, ஷேடு எண்ணும் (டப்பாவில் இருக்கும் நிறத்தின் குறியீட்டு எண்) தேதியும் எழுதி, தெருவிலேயே ஒரு வீட்டில் நிழலில் வைக்க வேண்டும். ஷேடு எண் இல்லையென்றால் அடுத்த ஆண்டு அதே நீலம் கிடைக்காது, ஒட்டுப்போட்டது போல் தெரியும். சுவரொட்டி ஒட்டினால் அன்றைக்கே வெந்நீரில் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும், மைதாப் பசை இறுகிவிட்டால் நிறத்தையும் சேர்த்துப் பிடுங்கும். பொங்கல் கழிந்ததும் சுவரின் அடியில் மறுபடி அந்தப் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் வெளியூரிலிருந்து வந்து யாரும் செய்துவிட்டுப் போக முடியாது. நன்றி, வணக்கம்.