கல்லாறும் கூடுதுறையும்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் இளையோர்களுக்கும் வணக்கம்.

கோலாலம்பூரின் ஆறு எதுவென்று கேட்டால் நம்மில் பலர் கிள்ளான் ஆற்றைச் சொல்வோம். சிலர் கோம்பாக் ஆற்றையும் சேர்த்துக்கொள்வோம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது, அந்தக் கோம்பாக்கில் வந்து விழும் சின்னஞ்சிறு பத்து ஆறு. தைப்பூசத்தில் பத்துமலைக் குகைக்கோயிலுக்குக் காவடி எடுப்போர் நீராடும் ஆறு அதுதான். மற்ற நாள்களில் பாலத்தின்மேல் காரில் கடந்துபோகிறோமே தவிர, குனிந்து பார்ப்பதில்லை.

முருகனுக்கு அந்தக் கோயில் மலை பத்தாவது மலை, அதனால்தான் பத்துமலை என்று விளக்கம் சொல்வோர் உண்டு. கேட்பதற்கு இனிய விளக்கம்தான். ஆனால் மலாய்மொழியில் 'பத்து' என்றால் கல். நம் முன்னோர் பெயர் வைத்திருந்தால் கல்லாறு என்றே வைத்திருப்பார்கள். அப்படியே 'கோலா' என்பதும் ஆறுகள் கூடும் துறை, 'லும்பூர்' என்பது சேறு. பவானியில் கூடுதுறை என்கிறோமே, அதைப்போல் ஒரு சேற்றுக் கூடுதுறைதான் இன்றைய தலைநகரின் பெயர்.

1857-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் வெள்ளீயம் தேடிக் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்தார்கள். கோம்பாக் வந்து சேரும் இடத்துக்கு மேல் படகு செல்ல வழியில்லாததால் அங்கே இறங்கி, அம்பாங்குக்குக் காட்டு வழியே நடந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களுக்குள் மலேரியாவுக்குப் பலியானார்கள். ஆயினும் படகு நின்ற துறையில் சரக்கு இறங்கியது, கடை வந்தது, ஊர் வளர்ந்தது. ஊருக்கு இடம் குறித்தது மன்னரும் அல்லர், வெள்ளைக்காரரும் அல்லர். ஆற்றின் ஆழக்குறைவுதான் என்பேன்.

ஈயலம்பங்கள் எனும் ஈயச் சுரங்கங்கள் பெருகப் பெருக அவற்றின் மணல் ஆறுகளில் படிந்து ஆற்றுப்படுகை உயர்ந்தது. மழைக்காலத்தில் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. 1881-இல் முதலில் தீயும், அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் மரத்தாலும் ஓலையாலும் ஆன அந்த ஊரை அழித்தன. அதன்பின் செங்கல்லாலும் ஓட்டாலுமே கட்டவேண்டும் என்று பிரிட்டிஷ் ஆட்சி அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட, சூளைகள் எழுந்தன. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பிரிக்ஃபீல்ட்ஸ் அந்தச் சூளைகளின் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது. அந்தச் செங்கல் யுகத்தின் நினைவாகக் கூடுதுறையோரத்தில் இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன: 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், 1909-இல் திறக்கப்பட்ட, பழைய மலாய் இடுகாட்டின்மேல் ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வடிவமைத்த ஜாமெக் பள்ளிவாசல்.

நம் மக்களின் கதையும் இந்த நீர்வழியோடுதான் ஒட்டியிருக்கிறது. 1873-இல் மகாமாரியம்மன் கோயிலை நிறுவிய கே. தம்புசாமிப் பிள்ளை, கிள்ளான் ஆற்றங்கரையில் எழுந்த விக்டோரியா கல்விக்கூடத்தின் அறங்காவலர்களுள் ஒருவராகவும் இருந்தார். பத்துமலைக் குகையில் முருகனை வழிபட வித்திட்டவரும் அவரே. அங்கே தைப்பூசம் 1892 முதல் கொண்டாடப்படுகிறது.

அந்த விழாவுக்கு வெள்ளி ரதம் போகும் வழியை ஒருமுறை வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். கூடுதுறைக்கு அருகிலுள்ள மகாமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்பட்டு, ஈப்போ சாலை வழியாக வடக்கே, கோம்பாக்கையும் பத்து ஆற்றையும் ஒட்டிய பள்ளத்தாக்கில் ஏறி, சுண்ணாம்புக் குன்றின் அடியில் போய் நிற்கிறது. அதாவது, நீர் இறங்கிவரும் திசைக்கு எதிராக நாம் இழுத்துச் செல்கிறோம். வழிநெடுகத் தேங்காய் உடைப்போரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு ஐயம்தான்.

விழா முடிந்ததும் ரதம் திரும்புகிறது. காவடிக்காரர்கள் நீராடிய தண்ணீரோ அதற்கு முன்பே கோம்பாக்கில் கலந்து, ஜாமெக் பள்ளிவாசலின் படிகளைக் கடந்து, கிள்ளான் ஆற்றோடு போயிருக்கும். ரதம் புறப்பட்ட கோயில் அந்தப் படிகளிலிருந்து சில நிமிட நடைத்தூரத்தில்தான் இருக்கிறது.