வெஸ்ட் ஜெஃபர்சன் மலையில் ஒரு குட்டிக் கோயில்

வணக்கம் மக்களே. காருக்குள் உட்கார்ந்துதான் பேசுகிறேன், வெளியே அடிக்கிற காற்றில் மைக்கில் வேறு எதுவும் விழாது. வட கரோலினா, ஆஷ் கவுண்டி, வெஸ்ட் ஜெஃபர்சன் என்கிற சின்ன ஊர். சார்லட்டிலிருந்து விடிவதற்குள் கிளம்பி மலை ஏறினேன், வழியெல்லாம் கிறிஸ்துமஸ் மரத் தோட்டம், நம் பக்கம் தேயிலை நிற்கிற மாதிரி சரிவு முழுக்க வரிசை வரிசையாக. பின்னால் தெரிகிறதே வெள்ளைக் கட்டடம், அதுதான் செயின்ட் மேரீஸ் எபிஸ்கோபல் கோயில். சர்ச் என்று சொல்ல வாய் வரவில்லை, நான் திருநெல்வேலி சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளை, எங்களுக்கு அது கோயில்தான்.

இவர்கள் நமக்குத் தூரத்துச் சொந்தம். இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து வந்த ஆங்கிலிக்கன் குடும்பத்தின் அமெரிக்கக் கிளை. அமெரிக்கா சுதந்திரம் வாங்கிய பிறகு, இங்கிலாந்தில் பேராயர் ஆவதற்காக அந்த ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய முடியாதே, அதனால் சாமுவேல் சீபரி என்பவர் ஸ்காட்லாந்துக்குப் போய் 1784-ல் அங்கே பேராயராக அபிஷேகம் வாங்கி வந்தார். நம் சி.எஸ்.ஐ. 1947-ல் பல சபைகள் சேர்ந்து உருவானது, அதில் ஒரு பங்கு இதே வழி. அதனால்தான் குருவானவர் ஜெபப்புத்தகத்தைத் திறந்து முதல் வரி சொன்னதும், ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் என் வாய் தானாகத் தமிழில் முணுமுணுத்தது. பக்கத்திலிருந்த பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

எல்லாரும் இங்கே வருவது சுவரில் இருக்கிற ஓவியத்தைப் பார்க்கத்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தச் சேகரத்தில், அதாவது குருவானவரின் பொறுப்பில் இருக்கிற சபையில், ஆளே இல்லை, விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்போது இருந்த குருவானவர் ஃபால்டன் ஹாட்ஜ். இத்தாலியில் பியெத்ரோ அன்னிகோனி என்ற ஓவியரிடம் ஃப்ரெஸ்கோ என்கிற சுவரோவியம் கற்ற ஓவியர் பென் லாங், காசு வேண்டாம், சுவர் மட்டும் கொடுங்கள் என்று கேட்டாராம். மற்ற இடங்களில் வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஹாட்ஜ் சரி சொல்லிவிட்டு, அப்புறம்தான் ஃப்ரெஸ்கோ என்றால் என்ன என்று கேட்டார் என்பது ஊர்க்கதை. எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துவிட்டது. நம் சேகரக் கமிட்டியில் இதைக் கொண்டுபோயிருந்தால் மூன்று கூட்டம் போட்டு ஒத்திவைத்திருப்பார்கள்.

ஃப்ரெஸ்கோவை ஈரச் சுண்ணாம்புக் காரையில், அது காய்வதற்குள் வரைய வேண்டும். ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் அன்று காரை பூசுவார்கள். காயக் காய நிறம் சுவரோடு கல்லாக இறுகிவிடும், தப்பு வந்தால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். இங்கே 1974-ல் வந்தது நிறைமாத மரியாள். வயிறு தள்ளி நிற்கிற மரியாளைப் பீடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. இன்னொரு கோயில் பக்கத்தில் கிளெண்டேல் ஸ்பிரிங்ஸில், பூட்டிக் கிடந்தது, அங்கே 1980-ல் கடைசி இராப்போஜனம் வரைந்தார்கள். அதில் சந்தேகப்படுகிற தோமாவுக்கு பென் லாங் தன் முகத்தையே கொடுத்திருக்கிறார்.

ஆனால் எனக்கு மனதில் நின்றது படம் இல்லை. ஆராதனைக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு பெரியவர் வந்து, வாசிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது, நீ வாசிக்கிறாயா என்று தாளைக் கையில் திணித்துவிட்டார். பைபிளில் ஏசாயா புத்தகம். என் பேர் கூட அவருக்குத் தெரியாது. உட்கார்ந்திருந்தது இருபது பேரைத் தாண்டாது, அதனால் மணி அடித்தவரே காணிக்கையும் எடுத்தார், காபி போட்டவரே பீடத்துத் துணியை மடித்தார். நற்கருணைப் பாத்திரம் ஒரே பாத்திரம், ஒவ்வொருவர் குடித்ததும் வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி அடுத்தவருக்கு. அந்தத் துணியில் யாரோ சின்னதாகச் சிலுவை தைத்திருந்தார்கள், நூல் ஒரு ஓரத்தில் பிரிந்திருந்தது.

கேமராவை அப்போது எடுக்கவில்லை, மன்னியுங்கள்.

முடிந்ததும் காபி, கேக், இந்த ஊர்ச் சீஸ். நம் ஊர்க் கோயிலில் எல்லாருக்கும் போடுகிற அசன விருந்து அளவுக்கெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், பிரியாணி வாசனைக்கு ஏங்கிப்போனேன். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் என் கையில் ஒரு துண்டு வந்தது, கோப்பை துடைக்க. துடைத்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பெரியவர் நோட்டும் பேனாவுமாக வந்து, அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு நீ வாசிக்கிறாய்தானே என்றார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். என் பேரை எப்படி எழுதுவது என்று கேட்டார், எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்திருக்கிறேன்.