மாரிக்கு முன் புல்வெட்டும் மெஷின்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் போதும், எங்கள் வளவுகளில் புல் முழங்காலுக்கு வந்துவிடும். கோடை முழுக்க மூலையில் கிடந்த புல்வெட்டும் மெஷினை அப்போதுதான் பலர் வெளியே எடுப்பார்கள். கயிற்றை இழுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம், எஞ்சின் பிடிக்காது. "பிஸ்டன் போயிற்று, ரிங் போயிற்று" என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். நம்பி எஞ்சினைப் பிரித்துவிடாதீர்கள். முதலில் பெற்றோலைப் பாருங்கள்.

டாங்கியில் கிடக்கும் பெற்றோல் ஓரிரு மாதத்திலேயே கெடத் தொடங்கும். இலேசான பகுதி ஆவியாகிவிட, மிஞ்சியது, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டருக்குள் பிசினாகப் படியும். அதற்குள் பெற்றோல் பாயும் ஜெட்டின் துவாரமோ ஊசிமுனை அளவு. காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டால் ஓடி, எடுத்ததும் நின்றுவிடுகிறதா? அங்கேதான் அடைப்பு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அடிக் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை எடுத்து, கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பி விடத்தான் வேண்டுமென்றால் மெல்லிய செம்புக் கம்பி விடுங்கள். இரும்பு ஊசியால் குத்தினால் துவாரம் பெருத்துவிடும். பிறகு பெற்றோல் கூடிக் கரும்புகைதான் வரும். தோளில் மாட்டும் மெஷின்களில் பெரும்பாலும் கிண்ணம் இருக்காது, டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு இருக்கும். அது விறைத்துப்போனால் புதிதுதான் போட வேண்டும்.

இன்னொன்று. நன்றாக ஓடிய மெஷின் பத்து நிமிடத்தில் நின்று, ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயில் சூடாகிப் பழுதானாலும் இப்படித்தான் நிற்கும். ஆனால் கொயில் வாங்கக் காசு எடுக்குமுன் டாங்கி மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால், மூடியில் இருக்கும் காற்றுத் துளைதான் அடைபட்டிருக்கிறது. கழுவினால் சரி.

கல்லடி முதல் திருக்கோவில் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றுத் தொல்லை வேறு. எஞ்சினோடு சுழலும் பிளை வீல் சக்கரத்தின் காந்தமும் கொயிலின் முனையும் துருப்பிடித்தால் பொறி பலவீனமாகும். மெல்லிய அரத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிளக் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை.

பிளேட் கல்லிலோ தென்னங்குற்றியிலோ அடிபட்டு நின்ற பிறகு, கயிற்றை இழுக்கும்போது கையைப் பறிக்கிற மாதிரி திருப்பி இழுக்கிறதா? பிளை வீலுக்குள் இருக்கும் சாவி என்ற சின்ன உலோகத் துண்டு அறுந்திருக்கும். எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கைக் காப்பதற்காகவே அதை மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். அதற்குப் பதிலாக இரும்பு ஆணியைச் செருகுவது பெரிய தவறு. அடுத்த அடியில் கிராங்கே வளையும்.

கூலிக்குப் புல்வெட்டும் தம்பிமாரே, உங்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். பெற்றோலில் ஒயில் கலக்கும் மெஷினென்றால் கண்ணளவில் ஊற்றாதீர்கள். 25க்கு 1 என்றால் லீற்றருக்கு 40 மில்லிலீற்றர், 50க்கு 1 என்றால் 20. உங்கள் மெஷினுக்கு எதுவென்று அதன் புத்தகத்தில் இருக்கும். ஒயில் குறைந்தால் பிஸ்டன் உண்மையிலேயே இறுகிவிடும். பிளேட்டில் சிக்கிய புல்லை எடுக்குமுன், எஞ்சின் நின்றிருந்தாலும், பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். பிளேட்டைக் கையால் திருப்பினாலே எஞ்சின் பிடித்துக்கொள்ளக்கூடும்.