முதலில் பங்கு, பிறகு பம்பு

அவையோருக்கு வணக்கம்.

தண்ணீர்ப் பஞ்சம் என்றதும் குளத்தைத் தூர்வாரு, தடுப்பணை கட்டு, மரம் நடு என்றுதான் பேசுகிறோம். மூன்றும் நல்ல வேலைதான். ஆனால் கட்டி முடித்த தடுப்பணையில் நிற்கிற தண்ணீரை யார் எடுப்பது, எவ்வளவு எடுப்பது? இந்தப் பேச்சை எடுத்தால் கூட்டம் மெல்லக் கலைந்துவிடும்! அதனாலேயே இன்றைக்கு அதை மட்டும் பேச வந்திருக்கிறேன்.

மகாராஷ்டிரத்தில் புனே பக்கம் புரந்தர் வட்டம், மழை மறைவுப் பகுதி. 1972 பஞ்சத்தில் தவித்துப்போன வட்டாரம். அதைப் பார்த்த விலாஸ்ராவ் சாளுங்கே என்ற பொறியாளர், நாய்காவ் என்ற ஊரில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். பானி பஞ்சாயத்து என்று பெயர். அங்கே தண்ணீரை நிலத்துக்குக் கொடுக்கவில்லை, தலைக்குக் கொடுத்தார்கள். ஆளுக்கு அரை ஏக்கர் பாசனம், குடும்பத்துக்கு அதிகபட்சம் 2.5 ஏக்கர். எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் அவ்வளவுதான். குண்டுமணி நிலம் இல்லாதவருக்கும் பங்கு உண்டு. நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை அதோடு போகாது. கரும்புக்குத் தண்ணீர் கிடையாது.

அந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். கரும்பு கையில் காசு பார்க்கிற பயிர். கண்ணெதிரே தண்ணீர் இருக்கும்போது அதை வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு மனம் வேண்டும்! ஆனால் ஓர் ஏக்கர் கரும்பு குடிக்கிற தண்ணீரில் பல ஏக்கர் சோளம் விளையும். பஞ்சத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே மாநிலத்தில் ஹிவ்ரே பஜார் கிராமமும் இப்படித்தான். பெய்த மழையை அளந்து, கிணற்று மட்டத்தைப் பார்த்து, குடிக்கவும் கால்நடைக்கும் ஒதுக்கிய பிறகே என்ன பயிர் வைப்பது என்று ஊர்க் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடத் தடை. ஓமானில் ஃபலஜ் என்ற பழைய வாய்க்கால்கள் இருக்கின்றன. அங்கே பாசனப் பங்கு நேரக் கணக்கில். பகலில் நிழலைப் பார்த்தும் இரவில் நட்சத்திரத்தைப் பார்த்தும் முறை மாற்றினார்கள். வாய்க்கால் ஊருக்குள் நுழையும் இடத்தில் குடிநீர் எடுத்துக்கொள்வார்கள், வயல் கடைசியில்தான்.

கட்டுமானமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கென்யாவின் வறண்ட மாவட்டங்களில் காட்டாற்றுக்குக் குறுக்கே சுவர் எழுப்புகிறார்கள். வெள்ளம் கொண்டுவரும் மணல் அதன் பின்னால் நிறைகிறது. தண்ணீர் மணலுக்குள் ஒளிந்துகொள்கிறது, வெயிலால் எளிதில் குடிக்க முடிவதில்லை. கோடையில் காய்ந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டினால், குழியின் ஓரங்களிலிருந்து தெளிந்த நீர் மெல்லச் சுரக்கும். தொலைவு நடந்து குடம் சுமந்த பெண்களுக்கு அந்தச் சுவர் எத்தனை பெரிய விடுதலை! ஆனால் அந்த மணலிலும் ஒருவர் பெரிய பம்பை இறக்கினால் மற்றவர் குழி வறண்டுபோகும்.

இங்கேதான் ஊர் விதியின் எல்லையும் தெரிகிறது. ஊர் கூடி ஆழ்துளைக் கிணறு வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். எல்லைக்கு அப்பால் நிலம் வாங்கியவர் ஆயிரம் அடி துளைத்தால் யார் தடுப்பது? தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நில உரிமையாளருக்குத் தரும் இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882-இல் வந்தது. அப்போது மாடு இழுக்கிற கவலையும் ஏற்றமும்தான் தண்ணீர் இறைத்தன. இன்று நீர்மூழ்கி மோட்டார் இறைக்கிறது. நாய்காவ் மக்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட விதியை அந்தச் சட்டத்துக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்பதே என் கோரிக்கை. நிலத்தோடு தண்ணீரும் சேர்ந்து விலைபோகக் கூடாது.