கார்பெட்டில் பதிந்த கால்தடமும் ஒரு நாட்டின் ஆராய்ச்சிப் பணமும்

[காட்சி: தரையில் கம்பளி கார்பெட், மிக அருகில். ஒரு வெறுங்கால் அழுந்துகிறது, எழுகிறது.]

கால் எடுத்த இடத்தைக் கவனியுங்கள். அமுங்கிய இழைகள் மேலே வருகின்றன, ஆனால் பழைய உயரத்துக்கு வரவில்லை. லேசாக ஒரு தடம் நிற்கிறது. யாரும் கண்டுகொள்ளாத இந்தத் தடத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்த ஒருவர், பிற்பாடு நியூசிலாந்தின் அறிவியல் அமைப்பான ராயல் சொசைட்டிக்கே தலைவரானார். பெயர் கார்த் கார்னபி. இது அவர் வேலையைப் பற்றிய வீடியோ.

முதலில் நியூசிலாந்துக் கம்பளி. மெரினோ ஆடு என்றதும் நினைவுக்கு வரும் பட்டுப்போன்ற நூல் அங்கே சிறுபான்மைதான். அந்த நாட்டு ஆடுகளில் பெரும்பாலானவை தருவது முரட்டு ரகம்: இழையின் தடிமன் 30 மைக்ரானுக்கு மேல் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஸ்வெட்டராகப் போட்டால் குத்தும். ஆனால் மிதிபடுவதை நன்றாகத் தாங்கும், அதனால் கார்பெட்டுக்குப் போனது. 1982-ல் அங்கே சுமார் 7 கோடி ஆடுகள் இருந்தன. இவ்வளவு கம்பளியை விற்கிற நாட்டுக்கு, கார்பெட் ஏன் தட்டையாகிறது என்பது விளையாட்டுக் கேள்வி அல்ல. கிறைஸ்ட்சர்ச் பக்கத்தில் லிங்கன் என்ற ஊரில் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் நடந்தது; அதற்கான பணத்தில் ஒரு பங்கு கம்பளி விவசாயிகளிடம் பிடித்த வரி. கார்னபி வேலை பார்த்த இடம் அதுதான்.

[காட்சி: ஒரு பிடி கம்பளி, கண்ணாடிக் குழாய்க்குள். மேலிருந்து உலக்கை இறங்குகிறது.]

அவர் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் வான் விக் என்ற தென்னாப்பிரிக்கர். 1946-ல் வந்த அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே 'ஒரு குறிப்பு' என்றுதான் இருக்கும். விஷயம் இதுதான்: கம்பளிக் குவியலை அழுத்தும்போது இழைகள் நசுங்குவதில்லை, வளைகின்றன. ஒவ்வோர் இழையும் மற்ற இழைகள் மேல் சாய்ந்து நிற்கிற சின்ன உத்தரம். அழுத்த அழுத்தத் தொடுபுள்ளிகள் கூடும், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்கிற துண்டு குட்டையாகும், குட்டை உத்தரத்தை வளைப்பது கஷ்டம். கணக்கின்படி, நன்றாக அமுங்கிய குவியலை இன்னும் பாதியாக்க ஏறக்குறைய 8 மடங்கு அழுத்தம் வேண்டும். தலையணையைக் கையால் அமுக்கிப் பாருங்கள்: முதலில் சுலபம், அப்புறம் திடீரென்று சுவர் மாதிரி.

ஆனால் வான் விக்கின் இழைகள் ஒழுக்கமானவை. வளையும், விட்டால் திரும்பும், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் கால்தடம் விழவே விழாது. நிஜக் கம்பளியில் இழைகள் தொடுபுள்ளிகளில் வழுக்குகின்றன. போகும்போது உராய்வு, வரும்போதும் உராய்வு. அழுத்தக் கொடுத்த ஆற்றல் முழுதாகத் திரும்பி வருவதில்லை. இதற்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர், தமிழில் தயக்கம். எனக்குத் தமிழ்ப் பெயர்தான் பிடிக்கும், இழை உண்மையிலேயே திரும்பி வரத் தயங்குகிறது. கார்னபியும் பான் என்ற ஆய்வாளரும் 1989-ல் வெளியிட்ட கட்டுரை இந்த வழுக்கலைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1976-ல், இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிராஸ்பெர்குடன் சேர்ந்து, நூலைச் சற்றே இழுத்தால் உள்ளே இழைகள் என்ன செய்கின்றன என்றும் எழுதியிருந்தார். ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மனிதர்.

[காட்சி: ஆய்வுக்கூட மேசை மறைந்து, கோப்புகள் அடுக்கிய மேசை.]

பிறகு அந்த நிறுவனத்தையே நடத்தும் பொறுப்பு வந்தது. நிர்வாகக் கதையை இங்கே நீட்டவில்லை, கூட்டங்கள் எங்கேயும் கூட்டங்கள்தான். அடுத்து அவர் உட்கார்ந்த நாற்காலிதான் சுவாரசியம்: மார்ஸ்டன் நிதியின் குழுத் தலைவர்.

1994-ல் தொடங்கிய இந்த நிதி, ஆராய்ச்சிக்கு அரசு கொடுக்கும் பணம். அவர் காலத்தில் அது 'இதனால் யாருக்கு என்ன லாபம்' என்று கேட்கவில்லை. யோசனை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. விண்ணப்பித்தவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவருக்குத்தான் கிடைத்தது. பெயருக்கு உரியவர் எர்னஸ்ட் மார்ஸ்டன்: 1909-ல், இருபது வயதில், அணு விஞ்ஞானி ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் தங்கத் தகட்டில் பட்டுத் திரும்பும் ஆல்ஃபா துகள்களை எண்ணியவர். நியூசிலாந்துக்கு வந்து, 1926-ல் அரசின் அறிவியல் துறைக்கே தலைமை அதிகாரியானார். ஆக, ஆய்வுக்கூடத்திலிருந்து அலுவலகத்துக்குப் போவது அங்கே பழைய பாதைதான்.

கார்னபி விஷயத்தில் ஒரு முரண் உண்டு. விவசாயி கொடுத்த காசில், விவசாயிக்குப் பயன்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆராய்ச்சி செய்தவர், எந்தப் பயனும் கேட்காத பணத்துக்குக் காவல் இருந்தார். முரண் என்று நான் சொன்னாலும், யோசித்தால் அப்படித் தோன்றவில்லை. கார்பெட் பிரச்சினையைத் தீர்க்கப் போனவர் கையில் எடுத்தது, கார்பெட்டுக்காக எழுதப்படாத ஒரு பழைய 'குறிப்பு'. வளையும் இழைகளின் அந்தக் கணக்கை வடிகட்டிகள், பஞ்சுத் திணிப்புகள் என்று எதற்கெல்லாமோ இன்று எடுத்துக்கொள்கிறார்கள். பத்தில் ஒன்பது விண்ணப்பங்களை நிராகரிக்க வேண்டிய மேசையில் உட்காரும்போது, இது தெரிந்த ஆள் இருப்பது நல்லது என்பது என் கட்சி.

[காட்சி: பச்சை மேய்ச்சல் நிலம். ஆடுகள் கொஞ்சமாக, பக்கத்தில் பால் மாடுகள்.]

2009-ல் அவர் ராயல் சொசைட்டியின் தலைவரானார். 1867-ல் தொடங்கிய அமைப்பு. மார்ஸ்டன் நிதியை அப்போது அரசுக்காக நிர்வகித்ததும் அதுதான். அதே 2009-ல்தான் ஒரு வாக்கெடுப்பும் நடந்தது. கம்பளிக்குத் தொடர்ந்து வரி கட்டலாமா என்று ஆட்டு விவசாயிகளைக் கேட்டார்கள். வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள்.

2012-ல் அவர் பொறுப்பை ஒப்படைத்தபோது, அடுத்து வந்தவர் டேவிட் ஸ்கெக், நோய்ப்பரவல் ஆய்வாளர்.