தூண் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே நிற்க: செட்டிநாட்டுச் சுற்றுலா எப்படி நடக்கிறது?

(காட்சி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. கடை வாசல்களில் தேக்குத் தூண்கள், பீங்கான் ஜாடிகள், எனாமல் தூக்குகள்.)

காரைக்குடிக்கு வருகிறவர்கள் தவறாமல் எட்டிப் பார்க்கிற தெரு இது. பழைய பொருள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சுவரில் சாய்த்து வைத்திருக்கிற இந்தத் தேக்குத் தூணைப் பாருங்கள். செதுக்கு வேலை இன்னும் மழுங்கவில்லை. ஏதோ ஒரு வீட்டின் கூரையைத் தாங்கி நின்ற தூண். தூண் கடைக்கு வந்துவிட்டது என்றால் அந்தக் கூரை இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

செட்டிநாட்டு வீட்டில் இரண்டு விதமாகக் காசு பார்க்கலாம். பிரித்து விற்றால் கதவுக்கு இவ்வளவு, தூணுக்கு இவ்வளவு என்று உடனே கைக்கு வந்துவிடும். அப்படியே நிற்க வைத்தால், ஆள் வந்து தங்கி, சாப்பிட்டு, சுற்றிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிற காசு கொஞ்சம் கொஞ்சமாக, ஆண்டுக்கணக்கில் வரும். அந்தக் காசு வீட்டுக்காரர் பெட்டிக்குள் மட்டும் போகாமல் ஊரில் நாலு பேர் கைக்குப் போனால்தான் வீடும் நிற்கும், தொழிலும் நிற்கும் என்பது என் கருத்து. அது எப்படி நடக்கிறது, எங்கே முட்டுகிறது என்று பார்க்கலாம்.

(காட்சி: கானாடுகாத்தான். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடு.)

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் 70-க்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்ததுதான் செட்டிநாடு. பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் தாண்டிப் போய் வணிகமும் வட்டித் தொழிலும் செய்த நகரத்தார் என்ற செட்டியார் சமூகத்தினர், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இந்த வீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் கப்பலில் வந்தன. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்த சொத்து கைவிட்டுப் போகத் தொடங்கியது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். வீடுகளுக்குப் பூட்டு விழுந்தது.

2014-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான இந்திய உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றது. பெருமையான விஷயம்தான். ஆனால் ஐப்பசி மழையில் ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்ற அந்தப் பட்டியலிலிருந்து பணம் வராது. அதை யாராவது சம்பாதித்தாக வேண்டும்.

(காட்சி: வளவு. நடுவில் முற்றம், சுற்றிலும் வரிசையாகச் சிறிய அறைகள்.)

இந்த வீட்டு அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். முன்னால் முகப்பு. உள்ளே வந்தால் வளவு. முற்றத்தைச் சுற்றி இருக்கிற அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒவ்வொன்று என்று கொடுத்தவை. அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, அப்புறம் அடுப்படி. வரிசையாக அறைகள், கூடிச் சாப்பிட இடம், பெரிய சமையற்கட்டு எல்லாம் இருப்பதால் விருந்தினரைத் தங்கவைக்க இதைப் பெரிதாக இடிக்க வேண்டியதில்லை. இல்லாதது ஒன்றே ஒன்று: அறையோடு சேர்ந்த குளியலறை. வேலை கெட்டுப்போவதும் பெரும்பாலும் அங்கேதான். சுண்ணாம்புச் சுவரைக் குடைந்து குழாய் பதித்து, மேலே சிமெண்ட் பூசினால் சுவருக்குள் ஈரம் தங்கிவிடும். கொஞ்ச நாளில் பூச்சு பொரிந்து உதிரும். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பால்தான் பழுதுபார்க்க வேண்டும். அரைத்த சுண்ணாம்பு, கடுக்காய், பனைவெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று அந்தப் பூச்சின் பக்குவம் தெரிந்த கொத்தனார்களுக்குத் தொடர்ந்து வேலை கிடைத்தால்தான் அந்தக் கைப்பழக்கமும் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

இந்த வழியை முதலில் திறந்துவிட்டவர்களில் ஒருவர் மீனாட்சி மெய்யப்பன். குடும்பத்துக்குச் சொந்தமான காரைக்குடி பங்களாவை 1990-களின் கடைசியில் 'தி பங்களா' என்ற பாரம்பரிய ஓட்டலாக்கினார். கானாடுகாத்தானில் ஒரு அப்பா தன் மகளுக்காகக் கட்டிய வீடு, இன்று 'விசாலம்'. அதை நடத்துவது கேரளத்தின் சிஜிஎச் எர்த் நிறுவனம். கொத்தமங்கலத்து 'சாரதா விலாஸ்' வீட்டைச் சீர்செய்து நடத்தியவர்கள் பிரான்சிலிருந்து வந்த இரண்டு கட்டடக் கலைஞர்கள். ஒன்று குடும்பம், ஒன்று வெளி நிறுவனம், ஒன்று வெளிநாட்டுக் கலைஞர்கள். மூன்று பேருக்கும் இந்த ஊர்க்காரர்களின் கை தேவைப்பட்டது.

(காட்சி: ஆத்தங்குடி. பட்டறையில் ஒருவர் கண்ணாடித் தகட்டைத் துடைக்கிறார்.)

எப்படித் தேவைப்பட்டது என்று, இந்த வீடுகளின் தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் ஆத்தங்குடியில் பார்க்கலாம். சதுரக் கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குகிறார். கரைத்த வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் எடுத்து ஒவ்வொரு கட்டமாக ஊற்றுகிறார். அச்சை மெதுவாகத் தூக்குகிறார். நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலக்கவில்லை. மேலே மணலும் சிமெண்டும் கலந்த உலர் கலவை, அதற்கு மேல் ஈரக் கலவை, ஒரு தேய்ப்பு. இதைச் சூளையில் வைப்பதில்லை. காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துக் கண்ணாடியைப் பிரித்தால் கல் பளபளவென்று வரும். அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுத்தது. மிதித்து, துடைத்துப் புழங்கப் புழங்க இன்னும் கூடும்.

ஓட்டலில் தங்குகிறவர் காலையில் இந்தத் தரையில் நடக்கிறார். பத்து மணிக்கு இந்தப் பட்டறைக்கு வருகிறார். ஊருக்குப் போனதும் தன் புது வீட்டுக்கு இதே கல்லைக் கேட்கிறார். விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவில்லாமல் பட்டறைக்கு ஆர்டர் வருகிறது. அவரைக் கூட்டி வந்த ஆட்டோக்காரருக்கு வாடகை. புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலைத் தறிக்கும் கொட்டான் என்ற ஓலைக் கூடை பின்னுகிற பெண்களுக்கும் இதே கணக்குதான். ஓட்டல் இவர்களிடமே வாங்கி, விருந்தினரை இவர்களிடமே அனுப்பினால் காசு ஊருக்குள் சுற்றும். ஓட்டல் வாசலிலேயே ஒரு கடையைத் திறந்து எல்லாவற்றையும் அங்கேயே விற்க ஆரம்பித்தால் அதோடு நின்றுவிடும். அண்மைக் காலமாக இங்குள்ள பாரம்பரிய ஓட்டல்கள் சேர்ந்து பண்பாட்டு விழா நடத்துகின்றன. போட்டியாளர்கள் ஒரே மேடைக்கு வருவது மிகவும் நல்ல அறிகுறி. ஒரு வீட்டைப் பார்க்க வந்தவர் இரண்டு ராத்திரி தங்கி நாலு ஊரைப் பார்ப்பார்.

(காட்சி: பிள்ளையார்பட்டி. பேருந்துகளிலிருந்து இறங்கும் கூட்டம்.)

அந்த ராத்திரிதான் இங்கே பெரிய விஷயம். பிள்ளையார்பட்டிக்கு வருகிற கூட்டத்துக்குக் குறைவே இல்லை. கும்பிட்டு, சாப்பிட்டுவிட்டு மதுரைக்கோ திருச்சிக்கோ வண்டி கிளம்பிவிடும். அவர்களில் சிறு பங்கினர் தங்கினாலே கவுனி அரிசி விற்கிறவர் முதல் துணி வெளுக்கிறவர் வரை வேலை உண்டு. ஆனால் பாரம்பரிய ஓட்டல் வாடகை நம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. வீட்டின் ஒரு கட்டை மட்டும் சரிசெய்து நாலு அறையைக் குறைந்த வாடகைக்கு விடுகிற வீடுகள் இன்னும் நிறைய வர வேண்டும். உள்ளூர்க்காரர்களே நடத்தக்கூடிய தொழில் அது.

சரி, பூட்டிய வீடுகள் இத்தனை இருந்தும் ஏன் வரவில்லை? பணத்தைவிடப் பெரிய தடை கையெழுத்து. மூன்று, நான்கு தலைமுறையில் ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பெருகிப் பல ஊர்களில், பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் குத்தகைப் பேச்சு நின்றுவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாமி கும்பிடும் இடத்தில் அந்நியர் நடமாடுவதா, நாளைக்கு நம் வீட்டுக் கல்யாணத்தை எங்கே வைப்பது என்ற கவலை நியாயமானது. அதற்குப் பதில் ஒப்பந்தத்திலேயே இருக்கலாம். சாமி அறையும் முன்னோர் படங்கள் மாட்டிய இடமும் விருந்தினருக்குக் கிடையாது என்று எழுதலாம். கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும் இத்தனை நாள் வீடு குடும்பத்துக்கே என்று எழுதலாம். ஒரு தூணைக்கூடக் கழற்றக் கூடாது, ஆண்டுதோறும் ஓடு மாற்றும் செலவு குத்தகைக்காரருடையது என்றும் எழுதலாம். வாடகை வரும் கணக்கு எல்லாப் பங்காளிக்கும் தெரிகிற மாதிரி இருந்தால் பாதி சண்டை வராது.

செட்டிநாட்டில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறதா? அடுத்த படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வரும்போது, சாப்பாடு முடிந்து வளவில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் இந்தப் பேச்சை எடுங்கள். போகும்போது வீட்டுப் பத்திரத்தின் நகலும், பழுதுபார்க்க உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கும் கையில் இருக்கட்டும்.